பதக்கம் அரசுக்கு, பழி அவளுக்கு

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் மாலை வகுப்பு முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். மாவட்ட அளவில் ஓடி ஜெயித்தவள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். உள்ளே பாதியளவு வெள்ளைப் பொடி இருந்தது. மேலே ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்திருந்தார்கள்.

"சார் குடுத்தாருக்கா. தெம்புக்காம். பால்ல கலந்து குடிக்கச் சொன்னாரு. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

"நீ அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக்கா கேக்குறது? அவருதான் கைக்காசு போட்டு ஷூ வாங்கிக் குடுத்தாரு."

அது வெறும் சத்து மாவாக இருக்கலாம். கொடுத்தவர் நல்ல மனதோடு கொடுத்திருக்கலாம். டப்பாவைப் பார்த்து நான் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் "எப்படிக்கா கேக்குறது?" என்ற அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. தன் வாய்க்குள் போவது என்ன என்று கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நம்புகிறாள். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்காக ஒரு வேற்று நாட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடு 1990 வரை இருந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 1.7 கோடி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுப் பெண்கள் நீச்சலில் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. நான்கே வருடத்தில், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், பெண்கள் நீச்சலின் 13 போட்டிகளில் 11 தங்கம் அவர்களுக்கு. உலகமே வாயைப் பிளந்தது. அந்தப் பெண்களின் தோளும் கரகரத்த குரலும் எல்லோர் கண்ணிலும் காதிலும் பட்டன. நீந்தத்தான் வந்திருக்கிறார்கள், பாட வரவில்லை என்று அவர்கள் தரப்பில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். சந்தேகத்தை வெளிப்படையாகச் சொன்ன அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பாபஷாஃபைத் தோல்வி தாங்க முடியாத சிடுமூஞ்சி என்று அவர் நாட்டுப் பத்திரிகைகளே எழுதின.

உண்மை, பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்களாக வெளியே வந்தது. உயிரியலாளர் வெர்னர் ஃப்ராங்கேயும் அவர் மனைவி, முன்னாள் வட்டெறிதல் வீராங்கனை பிரிகிட்டே பேரெண்டோங்கும் ராணுவ மருத்துவக் கழகத்தில் கிடந்த ரகசிய ஆய்வறிக்கைகளைத் தேடி எடுத்தார்கள். 1991இல் புத்தகமாக வெளியிட்டார்கள். 1974இல் ஆளுங்கட்சித் தலைமையே ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. பெயர் 'அரசுத் திட்டம் 14.25'. ஓரல் டூரினபோல் என்ற ஆண் ஹார்மோன் வகை மாத்திரையை யெனாஃபார்ம் என்ற அரசு மருந்து நிறுவனம் தயாரித்தது. யாருக்கு எத்தனை மில்லிகிராம், எந்த வாரம் தொடங்கி எந்த வாரம் நிறுத்துவது என்பதெல்லாம் மருத்துவர்கள் போட்ட அட்டவணை. பயிற்சியாளர்கள் விநியோகித்தார்கள். உளவுத்துறை காவல் காத்தது. ஏறத்தாழ 10,000 விளையாட்டு வீரர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பள்ளிச் சிறுமிகளும் உண்டு.

பெண்கள் போட்டிகளில் ஏன் இவ்வளவு அக்கறை? கணக்கு எளிது. பெண்ணின் உடலில் இயல்பாகக் குறைவாக இருக்கும் ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால் கிடைக்கும் பலன் ஆணுக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். சிறிய நாடு சீக்கிரமாகப் பதக்கப் பட்டியலில் மேலே வர வேண்டுமென்றால் பெண்களின் உடல்தான் குறுக்குவழி. அதை அந்த அரசின் விஞ்ஞானிகள் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள்.

பிடிபடாமல் இருந்தது எப்படி? வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் எல்லோருடைய சிறுநீரையும் கிரைஷா என்ற ஊரிலிருந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள். மருந்தின் தடயம் மிச்சமிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று 'காய்ச்சல்' வந்துவிடும், பயணம் ரத்தாகும். அது ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம். திருடனைப் பிடிக்க வைத்த கருவி திருடனைக் காப்பாற்ற வேலை செய்தது.

அந்தப் பெண்களிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? வைட்டமின் என்றார்கள். தெம்புக்கு என்றார்கள்.

கொர்னேலியா எண்டர் 13 வயதில் மியூனிக்கில் வெள்ளி வாங்கியவர். மாண்ட்ரியலில் நான்கு தங்கம். தனக்கு ஊசி போட்டார்கள் என்றும், களைப்பு தீரத்தான் என்று சொன்னார்கள் என்றும், என்ன மருந்து என்று யாரும் தன்னிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை என்றும் அவர் பின்னாளில் பேசினார். ரிகா ரைனிஷ் 15 வயதில், 1980 மாஸ்கோவில் மூன்று தங்கம் வாங்கினார். சினைப்பை வீக்கத்தால் சீக்கிரமே நீச்சலை விட்டார். பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதே மாஸ்கோவில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் பெட்ரா ஷ்னைடர் இரண்டாவதாக வந்த பிரிட்டன் வீராங்கனை ஷாரன் டேவிஸை 10 வினாடிக்கும் மேல் முந்தினார். நீச்சலில் அது ஒரு யுகம். பின்னாளில் ஷ்னைடரே, அந்தச் சாதனை மருந்தால் வந்தது என்று ஒப்புக்கொண்டு, தன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

மருந்து நின்றதோடு பாதிப்பு நிற்கவில்லை. தடித்த குரல் திரும்பி வராது. முகத்தில் முளைத்த முடி போகாது. மாதவிடாய்க் கோளாறு, கருச்சிதைவு, கல்லீரல் நோய், இதய நோய், முதுகெலும்புத் தேய்மானம், மனச்சோர்வு என்று நாற்பது ஐம்பது வயதில் அந்தப் பெண்கள் நீதிமன்றத்திலும் இழப்பீட்டு மனுக்களிலும் சொன்னவை ஒரு நீண்ட பட்டியல். உடற்குறையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றிப் பேசிய தாய்மார்களும் அவர்களில் உண்டு.

தண்டனை? 2000ஆம் ஆண்டு ஜூலையில் பெர்லின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மான்ஃபிரெட் ஏவால்டுக்கு 22 மாதம், மருத்துவர் மான்ஃபிரெட் ஹெப்னருக்கு 18 மாதம். இரண்டுமே நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு நாள்கூடச் சிறையில் இருக்க வேண்டியதில்லை. ஒருங்கிணைந்த ஜெர்மனி 2002இல் ஒரு இழப்பீட்டுச் சட்டமும் 2016இல் இன்னொன்றும் கொண்டுவந்தது. இரண்டாவது சட்டப்படி ஒருவருக்கு 10,500 யூரோ. ஒரு முழு வாழ்க்கைக்கு அவ்வளவுதான் விலை. பதக்கப் பட்டியலை மாற்ற ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. நேர்மையாக நீந்தித் தோற்ற பெண்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை.

"சோஷலிசம் என்றால் இப்படித்தான்" என்று இதைச் சுருக்கிவிட வேண்டாம் தோழர்களே. மேற்கு ஜெர்மனியிலும் அரசுப் பணத்தில் ஊக்கமருந்து ஆய்வுகள் நடந்தன என்பதை 2013இல் வெளியான ஆய்வறிக்கை சொன்னது. கொடியின் நிறம் எதுவானாலும், அதை உயர்த்திப் பிடிக்கும் கம்பமாக ஒரு பெண்ணின் உடல் பயன்பட்டது என்பதுதான் விஷயம்.

இதை இங்கே, தஞ்சை மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுதுகிறேன்? நம்முடைய மண்ணுக்கு இந்த உறவுமுறை புதிதல்ல. நம் தாத்தாக்கள் பண்ணையாட்களாக இருந்த காலத்தில், வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றிக் குடிக்க வைப்பார்கள். 1940களில் செங்கொடி இயக்கம் கட்டிப் போராடித்தான் அந்தக் கொடுமை இந்த டெல்டாவில் ஒழிந்தது. சாணிப்பால் தண்டனை, நீல மாத்திரை சலுகை. ஒன்று இழிவுபடுத்தக் கொடுத்தது, மற்றொன்று புகழுக்கென்று சொல்லிக் கொடுத்தது. இரண்டும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். ஓர் ஆளின் வாய்க்குள் என்ன போகலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த ஆளிடம் இல்லையென்றால், அந்த உடல் இன்னும் பண்ணையில்தான் இருக்கிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்திய அரசு திட்டம் போட்டு ஊக்கமருந்து கொடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. நான் கேட்பது வேறு: தவறு வெளியே வந்த பிறகு, சுமை யார் தலையில் இறங்குகிறது?

2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். அடுத்த வருடமே அந்த அணியின் அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் உட்பட தேசிய முகாமிலிருந்த ஆறு ஓட்டப் பெண்கள் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அவர்கள் இருந்தது அரசு செலவில் நடந்த முகாம். பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக் அரசு அமர்த்திய உக்ரைன்காரர். அவர் வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையில்தான் கலப்படம் இருந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பெண்களின் வாதம். பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள், அவர் ஊருக்குப் போய்விட்டார். பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை. அது போதாதென்று 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டாண்டாக ஆக்கியது. லண்டன் ஒலிம்பிக் கைநழுவியது.

நம்ம பக்கத்துக் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். திருச்சியை ஒட்டிய முடிகண்டம் கிராமத்துப் பெண். 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசு அறிவித்தன. அடுத்த மாதமே சோதனைச் செய்தி வந்தது. 2020இல் நான்காண்டுத் தடை உறுதியானது, தங்கம் பறிபோனது. தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார் அவர். அவர் சொன்னது உண்மையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஒரே ஒரு தகவலைக் கவனியுங்கள். தடைக்குக் காரணமான மாதிரிகளில் முதலாவது, மார்ச் 18 அன்று பாட்டியாலாவில் எடுத்தது. அதன் முடிவு உரிய நேரத்தில் சொல்லப்பட்டிருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். ஊர் கூடி மாலை போட்டு, அதே ஊர் கூடிப் பேசும் நிலையும் வந்திருக்காது. மாதிரியை எடுத்துவிட்டு முடிவைத் தாமதமாகச் சொன்ன அமைப்புக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை.

சாந்தி சௌந்தரராஜனின் கதை ஊக்கமருந்துக் கதை அல்ல. அவர் எந்த மருந்தும் எடுத்தவர் இல்லை. ஆனாலும் அவரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் அவர் உடலை ஆராய்ந்தார்கள். என்ன சோதனை என்று புரியும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. முடிவு அவருக்குத் தொலைக்காட்சிச் செய்தியாகத்தான் வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. உயிரை விடவும் முயன்று மீண்டார். 2012இல் அவர் செங்கல் சூளையில் வேலை செய்யும் செய்தி வந்தது. பிறகு போராடிப் படித்து, பயிற்சியாளராகி, 2016இல்தான் நிலையான அரசு வேலை கிடைத்தது. பறித்த பதக்கம் இன்று வரை திரும்பவில்லை. கிழக்கு ஜெர்மனியில் பெண்ணின் உடலுக்குள் ஹார்மோனைத் திணித்தார்கள். இங்கே உடலில் இயற்கையாக இருந்ததைக் குற்றமாக்கினார்கள். இரண்டு இடத்திலும் அவளிடம் மட்டும் யாரும் எதையும் விளக்கவில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். "தெரிந்தே மருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள் அக்கா. எல்லோரையும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்ல முடியுமா?" முடியாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2022 அறிக்கைப்படி இந்தியாவில் சோதித்த 3,865 மாதிரிகளில் 125இல் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. நூற்றுக்கு 3.2. அதிகமாகச் சோதனை நடக்கும் நாடுகளில் நாம்தான் முதலிடம். அத்தனை பேரும் ஏமாந்தவர்கள் அல்ல. ஒரு பதக்கம் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை, வந்தால் குடும்பமே சூளையிலிருந்தும் வயலிலிருந்தும் எழுந்துவிடும் என்ற நிலையில், ஆசையும் இருக்கும், அவசரமும் இருக்கும். அவர்களோடு நேர்மையாக ஓடித் தோற்ற பெண்ணும் நம் காலனிப் பெண்ணாகத்தான் இருப்பாள். அவளுக்கும் நியாயம் வேண்டும். ஆகவே தடை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. உன் உடலில் இருந்தால் நீதான் பொறுப்பு என்ற விதி இல்லாவிட்டால் எல்லோரும் எனக்குத் தெரியாது என்று தப்பித்துவிடுவார்கள் என்பதும் சரியே.

ஆனால் பொறுப்பு அவளோடு முடிந்துவிடக் கூடாது. மாத்திரையின் பெயரைப் படிக்கத் தெரிந்தவர், வாங்கக் காசு இருந்தவர், எப்போது நிறுத்தினால் பிடிபடாது என்று கணக்குத் தெரிந்தவர் யாரோ அவர்தான் முதல் பொறுப்பாளி. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் சிக்கினால் அவருடைய பயிற்சியாளர், மருத்துவர் உள்ளிட்ட உதவிக் குழுவைத் தானாகவே விசாரிக்க வேண்டும் என்று உலக விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. நம் நாட்டில் 2022இல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமும் உதவிக் குழுவினரைத் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. எழுத்தில் இருப்பதை நடைமுறையில் கேட்பது நம் வேலை.

படிக்கிற, இயக்கத்தில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து எத்தனை வீரர்கள் தடை பெற்றார்கள்? அவர்களில் பதினெட்டு வயதுக்குக் கீழே எத்தனை பேர்? அந்த வழக்குகளில் விசாரிக்கப்பட்ட பயிற்சியாளர்கள் எத்தனை பேர், தண்டனை பெற்றவர்கள் எத்தனை பேர்? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்.

இரண்டு, உங்கள் ஊர்ப் பள்ளியிலும் விளையாட்டு விடுதியிலும் ஒரு எளிய வழக்கத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொடியோ மாத்திரையோ ஊசியோ, எதைக் கொடுத்தாலும் பெயர், கடை ரசீது, கொடுத்தவர் கையெழுத்து ஆகிய மூன்றும் தமிழில் ஒரு நோட்டில் பதிய வேண்டும். பெற்றோருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்ட வேண்டும். நல்ல பயிற்சியாளருக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. நாளைக்கு அவரையும் காப்பாற்றப் போவது அந்த நோட்டுதான். மருந்தின் பெயர் தெரிந்தால், அதில் தடைசெய்யப்பட்டது இருக்கிறதா என்று பார்க்க முகமையே 'நோ யுவர் மெடிசின்' என்ற கைபேசிச் செயலியை வைத்திருக்கிறது. பெயரே இல்லாத டப்பாவுக்கு எந்தச் செயலியும் உதவாது.

மூன்று, தடை பெற்ற பெண் ஊர் திரும்பினால் அவள் வீட்டுக்குப் போங்கள். ஜெயித்த அன்று போஸ்டர் ஒட்டியவர்கள் அன்று வரமாட்டார்கள். அவளுக்கு வக்கீல் வேண்டும், மேல்முறையீட்டுக்கு நாள் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உடலைச் சோதிக்க மகப்பேறு மருத்துவர் வேண்டும். ஜெர்மனியில் அந்தப் பெண்கள் தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவரை எதுவும் நடக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து, பெயர் சொல்லி, நீதிமன்றத்தில் நின்ற பிறகுதான் அந்தக் குறைந்தபட்ச நியாயமாவது கிடைத்தது. ஒன்றுசேர், புரட்சி செய் என்று அண்ணல் நமக்குச் சொன்னதும் இதற்குத்தான்.

அந்தப் பெண்ணிடம் அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "பேரு தெரியாம ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாது. நாளைக்கு நானும் வர்றேன், சேந்து போயி கேப்போம். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்." மறுநாள் போனோம். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். கடைப் பெயரைச் சொன்னார், ரசீது இல்லை என்றார். இனி லேபிளோடு வாங்கித் தருவதாகச் சொன்னார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் மண்ணியாற்றுப் பாலத்தில் அவள் கேட்டாள்: "இனிமே என்னைய ஓட விடுவாராக்கா?"

விடுகிறார். இப்போதைக்கு விடுகிறார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகும் ஒரு பெண் பயமில்லாமல் களத்தில் நிற்க முடிகிற நாள் வரை நம் வேலை முடியாது.

ஜெய்பீம்.